வீட்டு லேப் கேள்வி-பதில்: மெய்நிகர் ரவுட்டரின் பிங் எங்கே நிற்கிறது?

வீட்டு லேப் (நெட்வொர்க் பழக வீட்டிலேயே அமைக்கும் சோதனைக்கூடம்) பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘பிங் போகவில்லை’ என்றுதான் தொடங்குகின்றன. பிங் என்பது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்; அது போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். எந்தத் திசையில், எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கான்ஃபிக்கில் கை வைத்தால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். அதனால் முதலில் எங்கே பார்ப்பது, பிறகு எதை மாற்றுவது என்ற வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இஎஸ்எக்ஸ்ஐ (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்) மேல் ஈவ்-என்ஜி (மெய்நிகர் ரவுட்டர், ஸ்விட்ச் ஓட்டும் லேப் மென்பொருள்) ஓடுகிறது. அதற்குள் இருக்கும் ரவுட்டரை வெளியே சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 என்ற நிஜ ஸ்விட்சோடு இணைத்திருக்கிறேன். ஈவ்-என்ஜியின் ஐபிக்கு பிங் போகிறது, உள்ளே இருக்கும் ரவுட்டருக்குப் போகவில்லை. கேபிள், ஐபி, மாஸ்க் எல்லாம் பார்த்தாயிற்று.

உங்கள் ரவுட்டர் கான்ஃபிக்கில் அநேகமாகக் குறை இருக்காது. நிஜ ஸ்விட்ச் வரும் ஃபிரேம்களை (ஈதர்நெட் தரவுத் துண்டுகளை) பார்த்து மேக் முகவரிகளை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்களை) தானே கற்றுக்கொள்ளும். இஎஸ்எக்ஸ்ஐயின் சாதாரண விஸ்விட்ச் (மென்பொருளாக இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) அப்படிக் கற்காது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் தான் கொடுத்த மேக் எது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஈவ்-என்ஜிக்குக் கொடுத்த மேக் தெரியும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் ரவுட்டரின் மேக் தெரியாது.

விஸ்விட்ச்சில் இயந்திரங்களை இணைக்கும் போர்ட் குரூப்பின் செக்யூரிட்டி பகுதியில் மூன்று அமைப்புகள் இருக்கும்: புரோமிஸ்குவஸ் மோட், மேக் அட்ரஸ் சேஞ்சஸ், ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ். எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க, ரவுட்டரிலிருந்து வெளியே இருக்கும் கணினிக்கு பிங் கொடுத்துவிட்டு, உடனே கேட்டலிஸ்ட்டில் ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ பாருங்கள்.

ரவுட்டரின் மேக் அங்கே இல்லவே இல்லையென்றால், ஃபிரேம் வெளியே வரும்போதே விழுந்துவிட்டது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ்: வேறு மேக்கோடு வெளியே போகும் ஃபிரேமை விடுவதா என்று சொல்லும் அமைப்பு. மேக் அட்டவணையில் இருக்கிறது, கணினியின் ஆர்ப் பட்டியலிலும் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) ரவுட்டர் தெரிகிறது, ஆனால் ரவுட்டரில் ‘ஷோ ஆர்ப்’ போட்டால் ‘இன்கம்ப்ளீட்’ என்று நிற்கிறதா? அப்படியானால் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது, பதில்தான் இஎஸ்எக்ஸ்ஐ வாசல் வரை வந்து உள்ளே நுழைய முடியாமல் போகிறது. வேறு மேக்குக்கு வரும் ஃபிரேமையும் உள்ளே விடும் புரோமிஸ்குவஸ் மோட் மூடியிருப்பதன் வேலை அது.

மூன்றையும் ‘அக்செப்ட்’ ஆக்குங்கள். ஆனால் விஸ்விட்ச் முழுவதற்கும் ஆக்காதீர்கள். லேபுக்கென்று தனி போர்ட் குரூப் போட்டு அதில் மட்டும் மாற்றுங்கள். புரோமிஸ்குவஸ் திறந்த குரூப்பில் ஒருவருடைய போக்குவரத்து அங்கிருக்கும் எல்லோருக்கும் நகலாகப் போகும். வீட்டு ஃபைல் சர்வரை அந்த இடத்தில் வைப்பது சரியல்ல. ஹைப்பர்-வியில் இதே சிக்கலுக்கு ‘மேக் அட்ரஸ் ஸ்பூஃபிங்’ என்ற டிக், விர்ச்சுவல்பாக்ஸில் புரோமிஸ்குவஸ் மோடுக்கு ‘அலவ் ஆல்’. எச்எஸ்ஆர்பி, விஆர்ஆர்பி (ரவுட்டர்கள் ஒரே ஐபியைப் பகிரும் நெறிமுறைகள்) ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும், அவை பயன்படுத்தும் மேக்கும் விஸ்விட்ச் கொடுத்ததல்ல.

கேள்வி: போர்ட் குரூப்பில் வீலேன் (ஒரே ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்) 10 கொடுத்து, ரவுட்டரிலும் வீலேன் 10-க்கு சப்-இன்டர்ஃபேஸ் (ஒரே போர்ட்டின் உட்பிரிவு) போட்டேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டு இடத்தில் டேக் (ஃபிரேமில் ஒட்டும் வீலேன் எண்) போட்டதுதான் காரணம். போர்ட் குரூப்பில் 10 என்றால் விஸ்விட்ச் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் ரவுட்டரிடம் கொடுக்கும்; சப்-இன்டர்ஃபேஸோ டேக்குக்காகக் காத்திருக்கும். ரவுட்டரே டேக்கைக் கையாள வேண்டுமானால் போர்ட் குரூப்பில் 4095 கொடுங்கள், அது டிரங்க் (பல வீலேன்களை டேக்கோடு கடத்தும் இணைப்பு) என்று பொருள். இஎஸ்எக்ஸ்ஐக்குப் பதில் பிராக்ஸ்மாக்ஸ் வைத்திருந்தால் அதன் பிரிட்ஜில் (மெய்நிகர் ஸ்விட்ச்சில்) ‘வீலேன் அவேர்’ டிக் செய்து, இயந்திரத்தின் நெட்வொர்க் கார்டில் டேக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

நிஜ ஸ்விட்ச்சில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ போட்டு வீலேன் 10 கடைசிப் பட்டியல் வரை வருகிறதா பாருங்கள். அந்த வீலேனையே உருவாக்காமல் டிரங்க்கில் மட்டும் அனுமதித்திருப்பது அடிக்கடி நடக்கிறது. நேட்டிவ் வீலேன் டேக் இல்லாமல் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: லேப்டாப் வைஃபையோடு ஜிஎன்எஸ்3 (ஈவ்-என்ஜி போன்ற லேப் மென்பொருள்) ரவுட்டரை பிரிட்ஜ் செய்து ஸ்விட்ச்சை எட்ட முடியுமா?

வேண்டாம். வைஃபை ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் இணைந்த மேக்கிலிருந்து வரும் ஃபிரேமைத்தான் ஏற்கும். ரவுட்டரின் மேக் அதில் சேராது. ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கிக் கேபிள் போடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் பிரிட்ஜ் வழியாக மெய்நிகர் ஸ்விட்ச்சையும் நிஜ ஸ்விட்ச்சையும் இணைத்தேன். சிடிபியில் (அண்டைக் கருவியைக் கண்டறியும் சிஸ்கோ நெறிமுறை) இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன. எல்எல்டிபியில் (அதே வேலைக்கான பொது நெறிமுறை) இல்லை, எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும் நெறிமுறை) ஏறவே மாட்டேன் என்கிறது.

நல்ல கேள்வி. விடை சேரிட முகவரியில் இருக்கிறது. எல்எல்டிபியும் எல்ஏசிபியும் 01:80:சி2:00:00:0 என்று தொடங்கும் 16 முகவரிகளுக்குள் போகின்றன. பிரிட்ஜ்கள் இவற்றைத் தாண்டி அனுப்பக் கூடாது என்பது ஐஇஇஇ விதி. லினக்ஸ் பிரிட்ஜ் விதிப்படி நடக்கிறது. சிடிபி சிஸ்கோவின் சொந்த மல்டிகாஸ்ட் முகவரியில் போவதால் தப்பிவிடுகிறது.

பிரிட்ஜின் ‘குரூப் ஃபார்வர்ட் மாஸ்க்’ மதிப்பை 16384 ஆக்கினால் எல்எல்டிபி கடக்கும். எல்ஏசிபிக்கு 4. ஆனால் பிரிட்ஜ் அளவில் கெர்னல் 4-ஐ ஏற்காது. புதிய கெர்னல்களில் பிரிட்ஜின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி மாஸ்க் உண்டு, அங்கே ஏற்கும். இரு பக்கப் போர்ட்டுகளிலும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பிரிட்ஜ் என்று பிரித்திருக்க வேண்டும், இரண்டு கேபிளையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்தால் லூப் (ஃபிரேம்கள் முடிவின்றிச் சுற்றுவது) ஆகிவிடும்.

கேள்வி: பிங் அருமையாகப் போகிறது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மட்டும் வேலை செய்யவில்லை.

இணைப்பே தொடங்கவில்லையா, தொடங்கிப் பாதியில் உறைகிறதா என்று கவனியுங்கள். தொடங்கவே இல்லையென்றால் செக்சம் (பாக்கெட்டில் பிழை உண்டா என்று சோதிக்கும் எண்) ஆஃப்லோட் மீது சந்தேகப்படலாம். அனுப்பும் இயந்திரம் டிசிபி செக்சத்தைக் கணக்கிடாமல், கார்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கும். பாதை முழுக்க மென்பொருளாக இருந்தால் அதைக் கணக்கிட ஆளில்லை, பாக்கெட் குப்பைக்குப் போகிறது. ‘எத்டூல்’ கொண்டு அனுப்பும் பக்கத்தில் ஆஃப்லோடை அணைத்துப் பாருங்கள். அனுப்பும் இயந்திரத்திலேயே பிடித்த கேப்சரில் ‘செக்சம் தவறு’ என்று காட்டுவது சாதாரணம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பாதியில் உறைந்தால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). துண்டாக்கத் தடை போட்டு 1472 பைட் பிங் கொடுங்கள். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் சிறிய பிங் மட்டும் போனால் நடுவில் ஏதோ ஒரு இன்டர்ஃபேஸ் 1500-ஐத் தாங்கவில்லை. ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதைகளைப் பகிரும் நெறிமுறை) அண்டை ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நிற்பதற்கும் பெரும்பாலும் எம்டியு பொருந்தாமைதான் காரணம். ‘எம்டியு-இக்னோர்’ கட்டளை அடையாளத்தை மறைக்கும், பெரிய பாக்கெட் பிறகு விழும். இரு பக்கமும் எண்ணைச் சமமாக்குங்கள்.

கேள்வி: மெய்நிகர் ஸ்விட்ச்சை இணைத்ததும் நிஜ போர்ட் எர்-டிசேபிள் ஆகிறது (ஸ்விட்ச் தானே அதை மூடிவிடுகிறது).

‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு’ காரணத்தைச் சொல்லிவிடும். போர்ட் செக்யூரிட்டி என்றால் அனுமதித்த மேக் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பிபிடியு கார்டு (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல் அமைப்பு) என்றால் உங்கள் மெய்நிகர் ஸ்விட்ச் ஸ்பேனிங் ட்ரீ (லூப்பைத் தவிர்க்கும் நெறிமுறை) பேசுகிறது. லேபுக்கான அந்த ஒரு போர்ட்டில் மட்டும் பிபிடியு கார்டு அமைப்பை எடுங்கள். வீட்டு இணைய ரவுட்டர் செருகிய போர்ட்டுகளில் அது அப்படியே இருக்கட்டும். லேபில் ஒரு லூப் உண்டானால் வீட்டில் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் இணையம் போய்விடும்.

கேள்வி: விண்டோஸில் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டினால் வீலேன் டேக்கே தெரியவில்லை. ஸ்விட்ச் டேக் போடவில்லையா?

போட்டிருக்கலாம். விண்டோஸில் பல கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டுத்தான் மேலே தருகின்றன. அதே கேபிளை லினக்ஸ் இயந்திரத்தில் செருகி, ‘டிசிபிடம்ப்’ கட்டளையை ஈதர்நெட் தலைப்பும் தெரியும்படி ஓட்டுங்கள்.