சந்தன நிறம் எனக்கு ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். மாநிறம்தான், ஆனால் பொன்னிறச் சாயல் இல்லாமல், சற்றே சாம்பல் ஓடிய சருமம். பணிக்கு அடக்கமான நிறங்களையே விரும்புகிறேன். சந்தன நிறமோ காக்கியோ உடுத்தினால், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறார்கள். தூய வெள்ளை முகத்தை இன்னும் கறுப்பாகக் காட்டுகிறது. எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்? வாங்கிவிட்ட சந்தன நிறச் சேலைகளை என்ன செய்வது?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சருமத்தில் எந்தக் குறையும் இல்லை, அதன் அருகே வரும் நிறம்தான் இப்படிக் காட்டுகிறது. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, சாயத்தில் பழுதில்லை, பக்கத்து நிறங்களே அதை மாற்றிக் காட்டுகின்றன என்று கண்டறிந்து, 1839-இல் அதை விரிவான நூலாக வெளியிட்டார். ஒரு நிறம் தன் அருகில் உள்ளதைத் தன் எதிர்நிறத்தின் (மஞ்சளுக்கு நீலம் போல) பக்கம் தள்ளிக் காட்டும். மஞ்சள் கலந்த சந்தனம் கழுத்தருகே வரும்போது, இயல்பிலேயே நீலச் சாயலுள்ள முகம் மேலும் வெளிறி, கண்ணடிக் கருமை கூடித் தெரிவது இதனால்தான்.

ஆகவே சிலேட் நிறம், புறாச் சாம்பல், ரோஜாச் சாயல் ஏறிய பழுப்பு ஆகியவை உங்களுக்கு நன்றாக எடுக்கும். கறுப்பு முகத்தை அமுக்கிவிடுவதாகத் தோன்றினால் கருநீலம் உடுத்துங்கள். தூய வெள்ளைக்குப் பதில் லேசாகச் சாம்பல் ஓடிய வெள்ளையை எடுங்கள். கோரா என்று விற்கப்படும், வெளுக்காத பருத்தியில் மஞ்சள் இருக்கும் என்பதால் அதை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். சாம்பல் நிறங்கள் சிவந்த மேனிக்கே பொருந்தும் என்று கடைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்களுடையதைப் போல நீலமோ சாம்பலோ ஓடிய குளிர்ந்த சாயல் எல்லா நிறத்தவரிடமும் உண்டு.

கைத்தறிச் சேலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை சாம்பலாகவும் குறுக்கே ஓடும் ஊடை இழை கடுகு மஞ்சளாகவும் இருந்தால், விரித்த சேலை சாம்பலாகத் தெரிந்தாலும், உடுத்தும்போது மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் மின்னும். முந்தானை ஓரத்தில் தொங்கும் இழைகளையும் துணியின் குறுக்கே ஓடும் இழைகளையும் ஒப்பிட்டால் இது உடனே புலப்படும். கடையின் மஞ்சள் விளக்கொளியை நம்பாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள்.

சந்தன நிறச் சேலைகளைக் கைவிட வேண்டியதில்லை. முகத்துக்கு மிக அருகில் இருப்பது ரவிக்கை என்பதால், கருநீலத்திலோ சிலேட் நிறத்திலோ, கழுத்து சற்று ஏறியதாக ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டு, முந்தானையைத் தோள் ஓரத்தில் ஒடுக்கமாக மடித்துக் குத்திக்கொள்ளுங்கள். காதில் வெள்ளி அணிந்தால் இன்னும் பொருந்தும்.