ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ட்ரெய்ன் பிளக் தலை வழுக்கிடுச்சு, நாமளே கழட்டி புதுசு போடலாமா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். கியர்பாக்ஸ் அடியில ஆயிலை இறக்குறதுக்கு இருக்கிற ட்ரெய்ன் பிளக்கோட தலை தேஞ்சு ஸ்பேனர் நிக்க மாட்டேங்குது, லேசா கசியவும் செய்யுது, இதை வீட்லயே மாத்தலாமாங்கிறது ஒண்ணு. பார்க்க அதே சைஸ்ல இருக்கிற எஞ்சின் ஆயில் பிளக்கைப் போட்டா போதுமாங்கிறது இன்னொண்ணு. மாத்தலாம், கண்டிப்பா மாத்தலாம். எஞ்சின் பிளக் மட்டும் வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன்.

என் வண்டி, வீட்ல இருக்கிற மத்தவங்க வண்டின்னு கியர்பாக்ஸ் ஆயில் மாத்துறதை நான்தான் பல வருஷமா பண்றேன், அதுல எனக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம், பிளக் எப்படிப் போனாலும் பரவாயில்ல, அது ஏறி உக்கார்ற மரை போகக்கூடாது. பிளக் சின்ன பார்ட், புதுசு கிடைக்கும். ஆனா மரை நிறைய வண்டில கியர்பாக்ஸோட அலுமினிய வெளிக்கூட்டுலயே, அதாவது கேஸ்லயே, வெட்டியிருப்பாங்க, பிளக் இரும்பு, ரெண்டும் மோதினா அலுமினியம்தான் பிய்யும். அதனால கீழ சொல்ற எல்லாமே அந்த மரையைக் காப்பாத்துறதுக்குத்தான்னு நினைச்சுப் படிங்க.

முதல்ல அது கியர்பாக்ஸ் பிளக்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. எஞ்சின் ஆயில்னு நினைச்சு ஏடிஎஃப்-ஐ (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) இறக்கிட்டு, அப்புறம் எஞ்சின்ல ஏற்கனவே இருக்கிற ஆயிலுக்கு மேல இன்னும் ஊத்தி ரெண்டையும் கெடுத்துக்கிறது அடிக்கடி நடக்குது, முக்கியமா சுபாரு மாதிரி ரெண்டு மூணு பிளக் பக்கத்து பக்கத்துல இருக்கிற வண்டில. கசியறது சிவப்பாவோ, பழசாகி கொஞ்சம் பழுப்பாவோ இருக்கும், சில வண்டில பச்சை நீலம்கூட உண்டு, அதனால நிறத்தை மட்டும் நம்பாம மேனுவல்ல படத்தைப் பாத்துடுங்க.

அடுத்தது, இதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க: ட்ரெய்ன் பிளக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்துற பிளக்கைத் தொறந்து பாருங்க. மேல ஃபில் பிளக் துருப்பிடிச்சு வராம, கீழ ஆயில் எல்லாம் இறங்கிடுச்சுன்னா வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். ஏடிஎஃப் இல்லாம ஓட்டவே கூடாது, பம்ப் காத்தை இழுக்கும், பிரஷர் விழும், உள்ள கிளட்ச் பிளேட் வழுக்கி எரிஞ்சுடும். டிப்ஸ்டிக் இருக்கிற வண்டின்னா இந்தக் கவலை இல்ல, அந்தக் குழாய் வழியாவே ஊத்திக்கலாம்.

வண்டியைத் தூக்கினா ஸ்டாண்டுல உக்கார வைங்க, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. எக்ஸாஸ்ட் தொட்டா சுடாத அளவுக்கு ஆறட்டும்.

இப்ப பிளக். கழட்டுற கருவியை எடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் குழியை நல்லா சுத்தம் பண்ணுங்க. ஹோண்டா ஆட்டோமேட்டிக்ல நிறைய மாடல்ல பிளக் தலையில சதுரக் குழிதான் இருக்கும், 3/8 இஞ்ச் ராட்செட்டோட முனையே நேரா உள்ள போகும், தனியா சாக்கெட் தேவையில்ல. ஆனா ரோட்டு மண்ணும் கிரீஸும் சேந்து அந்தக் குழியோட அடியில கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், பார்க்க குழி சுத்தமா இருக்கிற மாதிரி தெரியும், ராட்செட் பாதி ஆழத்துலயே நின்னுடும், அப்படியே திருப்பினா மேல் ஓரம் மட்டும் தேஞ்சு ரவுண்டாயிடும். ஒரு கம்பியோ சின்ன ஸ்க்ரூட்ரைவரோ வச்சு அடிவரைக்கும் சுரண்டி எடுத்துட்டு பாருங்க, உங்க பிளக்குல கீழ பாதி சதுரம் இன்னும் நல்லாவே இருக்கலாம். ஆலன் கீ போடுற பிளக்கும் இதே கதைதான். வெளிய அறுகோணத் தலைன்னா 12 முனை சாக்கெட் வேண்டாம், 6 முனை சாக்கெட் போடுங்க.

இன்னொண்ணு, மல்லாக்கப் படுத்துட்டு மேல பாத்து வேலை செய்யும்போது எந்தப் பக்கம் திருப்புறோம்னு குழம்பிடும். பிளக் தலையை நேருக்கு நேர் பாக்குற மாதிரி வச்சு இடது பக்கமா சுத்தணும். லூஸ் பண்றோம்னு நினைச்சு டைட் பண்ணி டைட் பண்ணியே தலை போன பிளக் நிறைய இருக்கு.

சுத்தம் பண்ணியும் பிடிக்கலைன்னா, பிளக் தலைக்கு நேரா சுத்தியலால ரெண்டு மூணு தட்டு தட்டி பாருங்க, வாஷர் ஒட்டியிருந்தா விட்டுக் கொடுக்கும் (பிளக் இருக்கிறது பிளாஸ்டிக் சேம்பர்ல, அதாவது கியர்பாக்ஸ் அடியில இருக்கிற ஆயில் தட்டுலன்னா, தட்டவே தட்டாதீங்க, உடையும்). அப்புறம் ஹீட் கன் வச்சு பிளக்கைச் சுத்தி இருக்கிற கேஸைச் சூடு பண்ணலாம், அலுமினியம் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால பிடி தளரும். நெருப்பு வச்சு சூடு பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம், அங்க கசியறது எரியக்கூடிய ஆயில். ஆலன் குழி ரவுண்டாயிருந்தா அதை விடக் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனை பிட்) உள்ள அடிச்சு இறக்கித் திருப்புவாங்க, பெரும்பாலும் வந்துடும். வெளித்தலைன்னா உள்பக்கம் சுருள் பல்லு இருக்கிற எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இருக்கு, அதைத் தலைமேல அடிச்சு ஏத்தினா தேய்ஞ்ச தலையையும் கவ்விப் பிடிக்கும், வைஸ் கிரிப்பை விட எனக்கு இதுதான் ஒத்து வந்திருக்கு. எப்படியும் பிளக்கைத் தூக்கிப் போடப் போறோம், அதனால பிளக் நாசமாகறதைப் பத்தி யோசிக்காதீங்க. பிளக்கை டிரில் பண்ற அளவுக்கு வந்தா மட்டும் நிறுத்திட்டு, அனுபவம் உள்ளவர்கிட்ட கொடுத்துடுங்க, அந்த இரும்புத் தூள் உள்ள போனா, கியர் மாற ஆயிலைத் திருப்பி விடுற வால்வு பாடில போய் அடைக்கும்.

கழண்டு வந்ததும் வர்ற ஆயிலை ஒரு பாத்திரத்துல பிடிச்சு எவ்வளவுன்னு அளந்து வைங்க. பிளக்குல காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல பசை மாதிரி ஒட்டியிருக்கும், விரல்ல தேச்சா நெருநெருன்னு இல்லாம வழவழன்னு போகும், அது சாதாரண தேய்மானம், பயப்பட வேண்டாம். ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ துண்டு இருந்தா விஷயம் வேற, பிளக்கை விட்டுட்டு கியர்பாக்ஸைப் பாக்கணும். டொயோட்டா மாதிரி சில வண்டில பிளக்கைக் கழட்டினதும் கொஞ்சம் ஆயில் வந்து நின்னுடும், அது காலியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள லெவல் பாக்குற குழாய் ஒண்ணு நிக்குது, அதையும் ஆலன் கீ போட்டுக் கழட்டினாத்தான் மிச்சம் இறங்கும். திரும்பப் போடும்போது அந்தக் குழாயை மறக்காதீங்க.

இப்ப டார்ச் அடிச்சு மரையைப் பாருங்க. பழைய பிளக்கோட மரைக்குள்ள வெள்ளி நிறத்துல சுருள் சுருளா அலுமினியம் சிக்கியிருந்தா கேஸ் மரை பிய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். லேசான காயம்னா அதே அளவு மரை சேசர்ல (மரையைச் சரி பண்ற கருவி) கிரீஸ் தடவி மெதுவா ஓட்டினா போதும், தூள் கிரீஸ்ல ஒட்டிக்கும். மொத்தமா போயிருந்தா, மரை சேம்பர்ல இருக்கா கேஸ்ல இருக்கான்னு பாருங்க. சேம்பர்னா சேம்பரையே மாத்திடுங்க, கேஸ்கெட்டும் ஃபில்டரும் மாத்துற வேலையும் அதோடயே முடிஞ்சுடும். கேஸ்ல இருந்தா ஹெலிகாயில் இல்ல டைம்செர்ட் மாதிரி புது மரை உள்ள இறக்கணும், அதை நேரா இறக்கத் தெரிஞ்சவங்கதான் செய்யணும். மரையைத் தானே வெட்டிக்கிட்டு ஏறுற பெரிய சைஸ் பிளக்னு ஒண்ணு விப்பாங்க, ஆட்டோமேட்டிக்ல அதைப் போடுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். கோணலா ஏறும், தூள் உள்ள விழும், அடுத்த தடவை சுத்தமா பிடிக்காது.

எஞ்சின் பிளக் ஏன் வேண்டாம்னா, விட்டம் ஒண்ணா இருந்தாலும் மரையோட இடைவெளி 1.25 மில்லி, 1.5 மில்லின்னு மாறும், கையில ரெண்டு சுத்து ஏறிட்டு மூணாவது சுத்துல கேஸை வெட்டும். நீளம் கூடினா உள்ள எதையாவது முட்டும், காந்தமும் இருக்காது. வண்டியோட சேசிஸ் நம்பரைக் கொடுத்து சரியான பிளக்கும், கூடவே புது வாஷரும் வாங்குங்க. அலுமினிய வாஷர் ஒரு தடவை நசுங்கித்தான் சீல் ஆகும், பழசைத் திருப்பிப் போட்டா மறுபடி கசியும், அதை நிறுத்த இன்னும் டைட் பண்ணுவோம், அங்கதான் மரை போகும். டெஃப்லான் டேப், சிலிகான் எதுவும் சுத்தாதீங்க, பிஞ்சு உள்ள போயிடும்.

புதுசை முழுக்க கையாலயே ஏத்துங்க. வாஷர் தொடுற வரைக்கும் ஸ்பேனர் தேவைப்படவே கூடாது, இடையில இறுகினா வெளிய எடுத்துட்டு மறுபடி ஆரம்பிங்க. கடைசில டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர். ஹோண்டா 18 மில்லி பிளக்குக்கு 49 நியூட்டன் மீட்டர், உங்க வண்டிக்கு மேனுவல்ல இருக்கிறது எதுவோ அது. பிளாஸ்டிக் சேம்பருக்கு இதுல சின்னப் பங்குதான்.

எவ்வளவு இறங்குச்சோ அவ்வளவு அதே ஸ்பெக் ஆயில் ஊத்துங்க (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர்லயும் மத்த இடங்கள்லயும் நிறைய ஆயில் தங்கியிருக்கும், அதனால மேனுவல்ல போட்டிருக்கிற மொத்த அளவை ஊத்தாதீங்க). லெவல் பாக்குறது சமதளத்துல, ஆயில் சூடான பிறகு, நிறைய வண்டிக்கு எஞ்சின் ஓடும்போது, ஹோண்டாவுக்கு எஞ்சினை நிறுத்தின உடனே.

பிளக்கைச் சுத்தி துணியால நல்லாத் துடைச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கை விரலால தடவிப் பாருங்க, அடுத்த நாள் காலையிலயும் பாருங்க. ஈரம் இருந்தா திரும்ப டைட் பண்ண வேண்டாம், வாஷர் உக்கார்ற இடத்துல கீறல் இருக்கும், அதைத்தான் பாக்கணும். எந்த வண்டி, பிளக் கேஸ்ல இருக்கா சேம்பர்ல இருக்கான்னு கமெண்ட்ல போட்டோவோட போடுங்க, எந்த முறை சரி வரும்னு பாத்துச் சொல்றேன்.