ஸ்பானிய மொழியில் ‘இல்லை’ சொல்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் ‘டூ நாட்’ என்று துணைவினை வருகிறதே, ஸ்பானியத்திலும் உண்டா?

பதில்: இல்லை. வினைக்கு முன்னால் ‘நோ’ போட்டால் போதும். ‘ஆப்லோ எஸ்பான்யோல்’ என்றால் ஸ்பானியம் பேசுகிறேன். ‘நோ ஆப்லோ எஸ்பான்யோல்’ என்றால் பேசுவதில்லை. ‘லோ’, ‘மே’ போன்ற குட்டிச் சொற்கள் மட்டும் இடையில் நுழையலாம்: ‘நோ லோ சே’ (அது எனக்குத் தெரியாது). ‘பேசுவீர்களா?’ என்று கேட்டால், ‘நோ, நோ ஆப்லோ’ என்று இரண்டு ‘நோ’ வரும். முதலாவது பதில், இரண்டாவது வினைக்குரியது. புதியவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: ‘நோ பீனோ நாதியே’ என்றால் யாரும் வரவில்லை என்கிறார்கள். ‘நோ’வும் எதிர்மறை, ‘நாதியே’யும் எதிர்மறை. இரண்டும் சேர்ந்தால் நேர்மறை ஆகாதா?

பதில்: அது கணக்குப் பாடம், மொழிக்குப் பொருந்தாது. ‘நாதியே’, ‘நாதா’ (ஒன்றும்), ‘நுன்கா’ (ஒருபோதும்) எல்லாம் வினைக்குப் பின்னால் வந்தால் ‘நோ’ கட்டாயம். முன்னால் வந்தால் ‘நோ’ கூடாது: ‘நாதியே பீனோ’. பொருள் ஒன்றுதான். தமிழில் ‘யாரும்’ எங்கே நின்றாலும் ‘வரவில்லை’ மாறாது. நாம் சறுக்கும் இடம் இதுதான். ‘நாதா’வின் லத்தீன் மூலத்துக்குப் ‘பிறந்த பொருள்’ என்றுதான் அர்த்தம். ‘நோ’வோடு பழகிப் பழகித்தான் அது ‘ஒன்றுமில்லை’ ஆனது. ‘நாதியே’ மறந்தால் ‘கேட்க நாதியில்லை’யை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் மனத்தில் ஒட்டும்.

கேள்வி: ‘பேசாதே’ என்று அதட்ட வேண்டுமானால்?

பதில்: ‘ஆப்லா’ என்றால் பேசு. ‘நோ ஆப்லா’ என்று நண்பனை அதட்டினால், ‘அவர் பேசுவதில்லை’ என்று யாரைப் பற்றியோ சொல்வதாக ஆகிவிடும். ‘நோ ஆப்லெஸ்’ என்பதே சரி. வினையின் உருவமே மாறுகிறது. ‘பேசு’, ‘பேசாதே’ என்று மாற்றுகிற நமக்கு இது புதிதா என்ன? ‘பென்’ (வா) இன்னும் மோசம்: ‘நோ பெங்காஸ்’.

கேள்வி: ‘ஆனால்’ என்பதற்கு ‘பெரோ’, ‘சினோ’ என்று இரண்டு சொற்கள் எதற்கு?

பதில்: ‘காபி அல்ல, டீ’ என்று ஒன்றை மறுத்து மற்றொன்றை அந்த இடத்தில் வைத்தால் ‘சினோ’: ‘நோ எஸ் கஃபே, சினோ தே’. ‘இது காபி அல்ல, ஆனால் சூடாக இருக்கிறது’ என்றால் ‘பெரோ’.

கேள்வி: ‘யா நோ’, ‘தோதபியா நோ’ இரண்டும் குழப்புகின்றன.

பதில்: ‘யா நோ த்ரபாஹோ’ என்பவர் வேலையை விட்டவர். ‘தோதபியா நோ த்ரபாஹோ’ என்பவர் இன்னும் வேலையில் சேராதவர்.