வெளிநாட்டு மிஷன் ட்ரிப் போய்ட்டு வந்தவங்க இருக்கீங்களா? ஆவிக்குரிய விதத்துல என்ன கத்துக்கிட்டீங்க? வாலிபப் பிள்ளைங்க போகலாமா?

நான் போனது நேபாளம். எங்க சபை வாலிபர் ஐக்கியத்துல இருந்து ஒரு சின்ன டீமா கிளம்பினோம், பாளையங்கோட்டைல இருந்து சென்னை, அங்கேருந்து ரப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல கோரக்பூர், அப்புறம் சுனவுலி பார்டர தாண்டி பைரஹவால பஸ் பிடிச்சு காத்மாண்டு. நான் அப்பதான் பிசியோதெரபி முடிச்சிருந்தேன், அதனால காத்மாண்டுக்கு தெக்க லேலேங்கற இடத்துல இருக்க ஆனந்தபன் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு போய் பாக்கணும்னு ரொம்ப ஆசை. அங்க கொஞ்ச நாள், மிச்ச நாள் சிந்துபால்சோக் மலைல ஒரு கிராமத்து சபையோட.

போகலாமான்னு கேட்டா, கண்டிப்பா போங்க. ஆனா அங்க இருக்க சபைக்கு கீழ்ப்பட்டு இருக்கணும்ங்கற மனசோட போங்க. எனக்கு கிடைச்ச எல்லாமே அதுலதான் கிடைச்சுது.

முதல்ல ஒரு விஷயம் தெரிஞ்சிக்கோங்க, நேபாளத்துல மதமாற்றத்துக்கு தடை இருக்கு. 2015 அரசியல் சாசனத்துலயே இருக்கு, அதுக்கப்புறம் 2018 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்துல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 நேபாள ரூபா வரைக்கும் அபராதம், வெளிநாட்டுக்காரங்கன்னா தண்டனை முடிஞ்சதும் நாட்ட விட்டே அனுப்பிடுவாங்க. அதனால கைப்பிரதி குடுக்குறது, தெருவுல நின்னு பேசுறது எதுவும் கிடையாதுன்னு உள்ளூர் பாஸ்டர் முதல் நாளே சொல்லிட்டாரு. நாம ஏதாவது செஞ்சிட்டு ரயில் ஏறி வந்துடலாம், போலீஸ் வந்து கதவ தட்டுறது அவர் வீட்டதான். எங்க டீம்ல சிலருக்கு இது கஷ்டமா இருந்துச்சு, சாட்சி சொல்லாம என்ன மிஷன்னு. எனக்கு அது நல்லதாதான் பட்டுச்சு, வாய மூடிட்டு தண்ணி தூக்குறது, உருளைக்கிழங்கு உரிக்கிறது, அவங்க ஜெபிக்கும்போது கூட முழங்கால் போடுறது, இப்படி இருந்ததுல தான் நான் முதல் தடவையா நம்ம பேச்சு இல்லாமலே ஆண்டவர் அங்க ஏற்கனவே வேலை செஞ்சிட்டு இருக்காருன்னு பாத்தேன். 1951க்கு முன்னாடி அந்த நாடு வெளி ஆளுங்களுக்கு மூடியே கிடந்தது, கிறிஸ்தவங்கன்னு சொல்ல ஆளே கிடையாதும்பாங்க, 2021 சென்சஸ்ல அஞ்சு லட்சத்துக்கு மேல. அதுல பெரும்பகுதி நேபாளிங்களே நேபாளிங்களுக்கு சொன்னது.

அங்க வார லீவு சனிக்கிழமை, அதனால ஆராதனையும் சனிக்கிழமை தான். செருப்ப வெளிய விட்டுட்டு ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் பாய்ல உக்காந்து, மாதல்னு ஒரு மத்தளம் அடிச்சி பாடுவாங்க. 2015 ஏப்ரல் 25 பூகம்பம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, மதியம் 12 ஆகப் போற நேரம். ஸ்கூல் லீவா இருந்ததால எத்தனையோ பிள்ளைங்க தப்பிச்சாங்க, ஆனா பல சபைங்கள்ல ஜனங்க உள்ள உக்காந்து ஆராதிச்சிட்டு இருந்தாங்க, கட்டிடம் அவங்க மேலயே விழுந்துச்சு. நாடு முழுக்க கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்து போனாங்க, சிந்துபால்சோக்ல தான் ரொம்ப அதிகம். பாஸ்டர் இத சொல்லும்போது ஏன் ஆண்டவர் விட்டாருன்னு எங்க டீம்ல ஒருத்தன் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அடுத்த சனிக்கிழமை தார்ப்பாய்க்கு கீழ கூடினோம், அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் கூடினோம்னு மட்டும் சொன்னாரு. நான் இந்த மாதிரி கேள்விக்கு பதில் சொல்லுற பிரசங்கம் நிறைய கேட்டிருக்கேன், எதுவும் இந்த அளவுக்கு எனக்குள்ள இறங்கினதில்ல.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வரேன், நான் இத பத்தி தான் அதிகமா பேசணும். ஆனந்தபன் 1957ல லெப்ரசி மிஷன் ஆரம்பிச்சது. தொழுநோய்க்கு மாத்திரை இருக்கு, ஆறு மாசம் இல்லைனா பன்னெண்டு மாசம் கூட்டு மருந்து சாப்பிட்டா கிருமி போயிடும், மருந்தும் இலவசம். ஆனா லேட்டா வந்தவங்களுக்கு நரம்பு போனது போனதுதான், கை கால்ல உணர்ச்சி இருக்காது. ஆணி குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, புண்ணு ஆழமாகி எலும்பு வரைக்கும் போயிடும். வாசல்ல ஒரு வயசான ஆமா (அம்மாவ அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) விரல் எல்லாம் மடங்கின கைல ஒரு துணிய சுத்திக்கிட்டு தான் டீ கிளாஸ புடிச்சாங்க, சூடு தெரியாதுங்கறதால கண்ணால பாத்து தான் கைய காப்பாத்திக்கணும்.

காலைல ஒரு வரிசையா உக்காந்து பேசின்ல கால ஊற வைப்பாங்க. ஊறினதும் சொரசொரப்பான கல்லால காய்ப்ப தேய்க்கணும், ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவணும், பாதத்த திருப்பி எங்கயாவது சிவந்திருக்கான்னு பாக்கணும், தினமும், சாகுற வரைக்கும். எங்க கூட வந்த ஒரு அக்கா கண்ணு கலங்கி, இயேசு சீஷருங்க கால கழுவின மாதிரி நாங்க இவங்க கால கழுவட்டுமான்னு கேட்டாங்க. அங்க இருந்த நர்ஸ் ரொம்ப அன்பாவே வேணாம்னாங்க. நோயாளியே செய்யட்டும், நீங்க போன பிறகு அவர் கால யார் கழுவுவான்னு கேட்டாங்க. என் விசுவாச வாழ்க்கைல நான் கேட்ட பெரிய பிரசங்கம் அது. ஊழியம்னா நமக்கு மனசு நிறையுறது இல்ல, நாம போன அப்புறமும் அந்த மனுஷன் கால் புண்ணாகாம இருக்குறது.

இன்னொன்னு, மடங்கின விரல நிமித்துறதுக்கு தசைநாண மாத்தி வைக்கிற ஆபரேஷன். டாக்டர் பால் பிராண்ட் 1940கள் கடைசில நம்ம வேலூர்ல தான் தொழுநோயாளிங்க கைக்கு இத பண்ண ஆரம்பிச்சாரு. ஆபரேஷன் அரை வேலை தான், புது இடத்துல இருக்க தசைக்கு புது வேலைய பழக்கணும், அது பிசியோ வேலை. ஒரு நேபாளி தெரபிஸ்ட் ஒரு பையனோட ஒரே விரல வெச்சிக்கிட்டு ஒரு காலைப் பொழுது முழுக்க உக்காந்திருந்தாரு. போட்டோ எடுக்க ஒண்ணுமே இல்ல அதுல. இயேசு குஷ்டரோகிய கைய நீட்டி தொட்டாருன்னு மாற்கு ஒண்ணாம் அதிகாரத்துல எத்தனையோ தடவ வாசிச்சிருக்கேன், அந்த ரூம்ல நின்னப்ப தான் தொடுறதுக்கு இவ்வளவு பொறுமை வேணும்னு புரிஞ்சுது.

நம்ம திருநெல்வேலி பக்கம் விசுவாசம் தாத்தா பாட்டி காலத்துல இருந்து வருது, ஞானஸ்நானம், திடப்படுத்தல், அசனப் பண்டிகைன்னு எல்லாம் தானா நடக்கும். அந்த ஆமா அவங்க வீட்டுல முதல் விசுவாசி, சொந்த மகன் இன்னும் சாப்பிட கூப்பிடறது இல்ல. நாங்க கிளம்புற அன்னைக்கு எங்களுக்காக அழுது ஜெபம் பண்ணாங்க, ஊர்ல இருக்க எங்க அப்பா அம்மாவுக்காகவும். ஜெபிக்கப் போனது நாங்கன்னு நினைச்சிட்டு இருந்தோம்.

போறவங்களுக்கு: அங்க இருக்க சபை உங்கள கூப்பிட்டுச்சா, இல்ல நீங்களா கிளம்புறீங்களான்னு முதல்ல விசாரிங்க. கூப்பிட்டா என்ன வேலை தராங்களோ அத செய்ங்க, பிரசங்கம் கேக்கலைனா பண்ணாதீங்க. பேஷன்ட்ட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, ப்ளீஸ். ஹிந்தி கொஞ்சம் தெரிஞ்சா சமாளிச்சிடலாம். பாஸ்போர்ட் இல்லைனா வோட்டர் ஐடி எடுத்துக்கோங்க, ஆதார மட்டும் நம்பி போகாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, மலை ரோட்டுல நிலச்சரிவு ஆகும், அக்டோபர் நவம்பர்ல பிளான் பண்ணுங்க. பிசியோ, நர்சிங், கால் செருப்பு செய்யுற தொழில் தெரிஞ்சவங்க யாராவது இத படிச்சா, ஒரு வாரத்துக்கு இல்லாம ஆறு மாசம் ஒரு வருஷம் போக முடியுமான்னு ஜெபிச்சி பாருங்க.