சின்ன லேத்தில் புல்லியும் டூலும்: கேள்வி பதில்

வீட்டில் மேசை லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வைத்துப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கடைபவர்கள், டூல் (வெட்டும் உளி) சாணை பிடிப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். கேட்டவர்களைச் சிங்கப்பூரில் அவர்கள் இருக்கும் பேட்டையின் பெயரால் குறித்திருக்கிறேன்.

தெம்பனிஸ்: அண்ணே, ஏ செக்‌ஷன் பெல்ட் (வீ வடிவப் பெல்ட்டில் ஓர் அளவு) 40 டிகிரி என்கிறார்களே என்று 75 மிமீ புல்லியில் 40 டிகிரிக்கே பள்ளம் கடைந்தேன். லோடு ஏறினால் வழுக்குகிறது.

அந்த 40தான் காரணம் தம்பி. பெல்ட் நேராகக் கிடக்கும்போதுதான் அந்தக் கோணம். புல்லியைச் சுற்றி வளையும்போது வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்கும், உள்பக்கம் நசுங்கிப் புடைக்கும், கோணம் குறைந்துவிடும். புல்லி சின்னதாக ஆக இன்னும் குறையும். அதனால்தான் ஏ செக்‌ஷனுக்குச் சுமார் 120 மிமீ விட்டம் வரை 34 டிகிரியும் அதற்கு மேல் 38 டிகிரியும் வைக்கிறார்கள். பள்ளத்தின் அடியையும் பாருங்கள். அங்கே பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகித்தான் அது இழுக்க வேண்டும், அடியைத் தொடவே கூடாது. பெல்ட் தடிமன் 8 மிமீ, நீங்கள் 12 மிமீ ஆழம் கொடுங்கள்.

ஜூரோங்: 34 டிகிரிக்கு ஒரு வீ டூல் சாணை பிடித்து நேரே இறக்கிவிடலாமா சார்?

கனமான லேத் என்றால் சரி. நம் மேசை லேத்தில் வேண்டாம், விளிம்பு முழுதும் ஒரே நேரத்தில் வெட்டினால் அதிர்ந்து சுவர் அலை அலையாக வரும். முதலில் 3 மிமீ பார்ட்டிங் டூலால் (துண்டாக வெட்டும் ஒல்லி டூல்) நடுவில் முழு ஆழத்துக்கு இறங்குங்கள். அப்புறம் காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைத் தாங்கும், கோணத்துக்குத் திருப்பக்கூடிய சின்ன மேடை), கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்காக நகர்த்தும் மேடை) போகும் திசையிலிருந்து 17 டிகிரி சாய்த்து ஒரு சுவர், எதிர்ப்பக்கம் 17 சாய்த்து இன்னொரு சுவர். இதற்கான டூலை நீங்களே செய்யலாம். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டை கேட்டுப் பாருங்கள், மூக்கை 3 மிமீக்குத் தேய்த்து, அங்கிருந்து பின்னால் போகப் போகவும் கீழே போகப் போகவும் கொஞ்சம் ஒடுங்கும்படி விடுங்கள், அவ்வளவுதான். போரையும் (நடுத்துளை) பள்ளத்தையும் ஒரே பிடியில் முடித்துவிடுங்கள். சக்கிலிருந்து (வேலைத்துண்டைப் பிடிக்கும் பிடிப்பான்) கழற்றி மறுபடி மாட்டினால் புல்லி ஆடும்.

உட்லண்ட்ஸ்: சாணை பிடிக்கும்போது டூல் நுனி நீலமாகிவிட்டது. எறிந்துவிடவா?

எச்எஸ்எஸ் என்றால் ஒன்றும் ஆகவில்லை. நீலம் வருவது 300 டிகிரி செல்சியஸ் வாக்கில், எச்எஸ்எஸ் 600 பக்கம் வரை தாங்கும். சிவக்கச் சிவக்கத் தண்ணீரில் முக்குவதுதான் கெடுதல், விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சில்வர் ஸ்டீல் (அவ்வளவு சூடு தாங்காத கார்பன் ஸ்டீல்) டூல் என்றால் நீலம் பட்ட இடம் மென்மையாகிவிட்டது, அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை, அதாவது சுமார் 230 டிகிரிக்கு, திரும்பச் சூடாக்க வேண்டும்.

கோணம் கேட்டவர்களுக்கும் சேர்த்து: கிளியரன்ஸ் (விளிம்புக்குக் கீழே டூல் உரசாமல் விலகும் கோணம்) 8 முதல் 10 டிகிரி. மேல் ரேக் (டூலின் மேல்முகம் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் சரியும் கோணம்) அலுமினியத்துக்கு 15க்கு மேல், பித்தளைக்குப் பூஜ்யம். பித்தளைக்கு ரேக் கொடுத்தால் டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சுவா சூ காங்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு கிரைண்டர் ஓட்டலாமா?

வேண்டாம். அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இரவில் எண்ணெய்க்கல்லில் விளிம்பு தீட்டுங்கள், சத்தமே இல்லாத வேலை, டூலுக்கும் நல்லது.

ஈசூன்: என் லேத்தின் குறைந்த வேகமே அதிகமாக இருக்கிறது. மோட்டார் 1400 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று). பெரிய புல்லி மாட்டினால் போதுமா?

ஒரே ஜோடியில் முடியாது. ஏ பெல்ட்டுக்கு 75 மிமீக்குக் கீழே போகக் கூடாது, அதற்கு 225 மிமீ ஜோடி போட்டாலும் 467 சுற்றுதான் கிடைக்கும். 80 மிமீ மைல்ட் ஸ்டீலை எச்எஸ்எஸ் டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய 120 சுற்று வேண்டும். நடுவில் ஒரு கவுண்டர்ஷாஃப்ட் (துணைத் தண்டு) வைத்து இதே ஜோடியை இரண்டு முறை போடுங்கள், சுமார் 156க்கு, அதாவது 120க்குக் கிட்டே, வந்துவிடும். இழுக்கும் பலமும் கூடும், பார்ட்டிங் செய்யும்போது அதன் அருமை தெரியும்.

புக்கிட் பாஞ்சாங்: கீவே (புல்லியைத் தண்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) வெட்ட புரோச் (வரிசையாகப் பல் வைத்த வெட்டுக்கருவி) இல்லை அண்ணே.

லேத்தே போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டு) பூட்டுங்கள். கீயின் அகலத்துக்குச் சாணை பிடித்த எச்எஸ்எஸ் துண்டைப் போரிங் பாரில் (துளைக்குள் நுழையும், டூல் மாட்டும் கம்பி) சென்டர் உயரத்தில் பொருத்தி, சேடிலை (டூலைச் சுமந்து நீளவாக்கில் ஓடும் பகுதி) கையால் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு தள்ளுக்கு 0.05 மிமீ, திரும்பும்போது டூலைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். டூல் வெளியேற புல்லிக்கும் சக்குக்கும் நடுவே இடம் விட மறக்காதீர்கள். அலுமினியத்தில் சீக்கிரம் முடியும், ஸ்டீலில் கை வலிக்கும்.