டவுன்ரிகரில் சால்மன்: எந்த ராட், எந்த ரீல்?

கேள்வி: சால்மன் பிடிக்கப் படகில் டவுன்ரிகர் (ஈயக்குண்டால் இரையை ஆழத்துக்கு இறக்கும் கருவி) பொருத்தியாயிற்று. கடைக்காரர், ‘விறைப்பான கிராஃபைட் ராட் (தூண்டில் கோல்) வாங்குங்கள், கொத்தினால் கையில் தெரியும்’ என்கிறார். நண்பரோ, ‘நன்றாக வளைகிற ராட்தான் வேண்டும்’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதே சரி. கடைக்காரர் சொன்னது கையில் பிடித்து வீசுகிறவர்களுக்குப் பொருந்தும். டவுன்ரிகரில் ராட் உங்கள் கையிலேயே இருக்காது, ஹோல்டரில் நிற்கும். 10, 12 பவுண்டு ஈயக்குண்டு கம்பியில் ஆழத்துக்கு இறங்குகிறது. குண்டோடு இருக்கும் கிளிப் உங்கள் தூண்டில் நரம்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. மீன் இழுத்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும். குண்டிலிருந்து படகுவரை இருந்த நரம்பு அத்தனையும் அந்தக் கணத்தில் தொய்ந்துபோகும். நீங்கள் எழுந்து ஓடி ராடைத் தூக்குவதற்குள் மீன் தலையை உதறித் தூண்டிலைக் கழற்றிவிடும். அதற்கு முன்பே ராட் தானாக நிமிர்ந்து அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ராடை வில்லாக வளைத்து, நுனி தண்ணீரைப் பார்க்கும்படி வைக்கிறோம்.

விறைப்பான ராடை அப்படி வளைக்க முயன்றால் வளைவதற்குள் கிளிப் விட்டுவிடும். உடனே கிளிப்பை இறுக்குவீர்கள். இறுக்கினால் சின்ன மீன் கொத்தியும் கிளிப் விடாது. அதை அரை மணி நேரம் வெறுமனே இழுத்துக்கொண்டு போவீர்கள். தப்பு கிளிப்பில் இல்லை, ராடில் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: நீளம் எட்டரையிலிருந்து ஒன்பதரை அடி. ராடின் மேல் எழுதியிருக்கும் நரம்பு அளவு 10–20 அல்லது 12–25 பவுண்டு. ஆக்‌ஷன் ‘மாடரேட்’ என்றிருக்கட்டும்; நுனி மட்டும் வளைகிற ‘ஃபாஸ்ட்’ வேண்டாம். ஃபைபர்கிளாஸ், அல்லது ஃபைபர்கிளாஸும் கிராஃபைட்டும் கலந்த ராட் நல்லது. மெல்லிய உயர்ரக கிராஃபைட் மணிக்கணக்கில் வளைந்து நிற்பதற்காகச் செய்தது அல்ல. ஒரு சின்ன அடிபட்ட இடம் இருந்தாலும் அங்கே முறியும்.

கடையிலேயே ரீலை மாட்டி, நரம்பை எல்லா வளையங்களிலும் கோத்து, மறுமுனையை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக ராடை வளைத்துப் பாருங்கள். வளைவு நுனியோடு நிற்காமல் நடுவைத் தாண்டி இறங்க வேண்டும். அப்போது நரம்பு ராடின் உடலில் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். ரீல் மேல்பக்கம் இருப்பதால், வளையங்கள் போதாவிட்டால் இரண்டு வளையத்துக்கு நடுவே நரம்பு உடலைத் தொடும். ஒன்பது வளையமாவது வேண்டும். ரோலர் வளையம் தேவையில்லை, அது கம்பி நரம்பு போடுகிறவர்களுக்கு. கைப்பிடி உங்கள் ஹோல்டரில் இறங்குகிறதா, பாரம் இருக்கும்போது தடையில்லாமல் வெளியே வருகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். பலர் கவனிக்காமல் பின்னால் வருந்துவது இதற்குத்தான்.

கேள்வி: ரீலில் லைன் கவுண்டர் கட்டாயமா? வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: கட்டாயமில்லை, ஆனால் பேருதவி. குண்டு எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பதை டவுன்ரிகரின் எண்ணி காட்டும். குண்டுக்குப் பின்னால் இரை எத்தனை அடி தள்ளி வருகிறது என்பதை ரீலின் கவுண்டர்தான் சொல்லும். ஆழத்தில் ஃப்ளாஷர் (இரைக்கு முன்னால் மினுங்கிச் சுழலும் தகடு) போட்டால் 10–20 அடி தள்ளினால் போதும். மேல்மட்டத்தில் படகின் அரவத்துக்கு மீன் விலகுமாகையால் 50 அடிக்கு மேல் விட வேண்டும். ஒரு மீன் கிடைத்த அளவை அடுத்த முறையும் அப்படியே வைக்க எண் தேவை.

கவுண்டர் நரம்பை அளப்பதில்லை, ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுற்றுவதை எண்ணுகிறது. ஸ்பூல் நிறைந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். பாதிதான் சுற்றியிருந்தால் ஒரு சுற்றுக்குக் குறைவான நரம்பே வெளியேறும். கவுண்டர் 100 என்று காட்டும்போது உண்மையில் 80 அடிகூடப் போயிருக்காது. விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழேவரை சுற்றுங்கள். ஈரத்துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்தபடி சுற்ற வேண்டும், தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும். பிறகு நரம்பு நுனியை ஒரு தூணில் கட்டி, எண்ணைப் பூஜ்யமாக்கி, அளந்த 100 அடி நடந்து பாருங்கள். எண் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. படகில் இருக்கும் எல்லா ரீலும் ஒரே பொய்யைச் சொன்னால் போதும். அதற்காகத்தான் ஒரே மாடல், ஒரே நரம்பு.

20 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) 275–300 யார்டு கொள்கிற, நரம்பைச் சீராகப் பரப்பிச் சுற்றும் லெவல்வைண்ட் ரீல் போதும். கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை சுற்று) 4:1க்கும் 5:1க்கும் இடையில் இருக்கட்டும். 6:1 ரீலில் ஃப்ளாஷரை இழுத்துச் சுற்றக் கை ஓயும். நரம்பு ஓடினால் சத்தமிடும் கிளிக்கர் வேண்டும். காசை மிச்சப்படுத்துவதென்றால் ராடில் மிச்சப்படுத்துங்கள், மீன் இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் டிராக்கில் வேண்டாம். நல்ல டிராக் தயங்காமல் நழுவத் தொடங்கும். மோசமான டிராக் முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில்தான் லீடர் (தூண்டிலைக் கட்டும் கடைசித் துண்டு நரம்பு) அறுகிறது.

கேள்வி: வீட்டில் பெரிய ஸ்பின்னிங் ரீல் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: ஒரு நாள் சமாளிக்கலாம். குண்டை இறக்கும்போது பெய்லை (நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) திறந்து வைத்தால் காற்றில் நரம்பு சுருள்சுருளாகக் கொட்டும். எனவே பெய்லை மூடி, டிராக்கைத் தளர்த்தி இறக்கி, பிறகு இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிராக் மாறிப்போகும். மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு முறுக்கேறும். சால்மனுக்கென்றே வாங்குவதானால் இது வேண்டாம்.

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பத்தரை அடி ராடும் வட்டமான சிங்கிள் ஆக்‌ஷன் ரீலும் வைத்திருக்கிறார்களே, அது மேலா?

பதில்: ஊர்ப்பழக்கம் பாதி, காரணம் பாதி. அங்கே கடலில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில்தான் சட்டப்படி அனுமதி. நரம்பு ஒரு கணம் தொய்ந்தாலும் தூண்டில் நழுவும். நீண்ட ராட் அந்தத் தொய்வை அதிகம் எடுத்துக்கொள்கிறது. இன்னொன்று, ஃப்ளாஷர் நுனி வளையத்துக்குள் போகாது. அதற்குப் பின்னால் ஆறடி லீடர் தொங்கினால், எட்டரை அடி ராடை எவ்வளவு உயர்த்தினாலும் மீன் வலைக்கு எட்டாது. குட்டை ராட் வைத்திருந்தால் லீடரை மூன்று, நாலடியோடு நிறுத்துங்கள்.

அந்த ரீல் 1:1 விகிதம். மீன் ஓடும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் மூட்டில் அடிக்கும். பழகினால் சுகம், புதியவருக்குச் சோதனை. 1966இல் கோஹோ சால்மனையும் 1967இல் சினூக் சால்மனையும் மிச்சிகன் ஏரியில் விட்ட பிறகு வளர்ந்த வட அமெரிக்கப் பேரேரி மீன்பிடியில் லைன் கவுண்டரே வழக்கம். தொடங்குகிறவருக்கு எங்கள் ஓட்டும் அதற்கே.

கேள்வி: பிரெய்ட் (பல இழை பின்னிய) நரம்பு போட்டேன். கிளிப்பில் நிற்காமல் வழுக்குகிறது.

பதில்: வழுக்கத்தான் செய்யும். மெல்லியது, வழவழப்பானது; இறுக்கினால் கிளிப்பின் ரப்பரை அறுக்கும். இழுபடும் தன்மை இல்லாததால் சால்மனின் மெல்லிய வாய்த்தசையையும் கிழிக்கும். அடியில் பிரெய்ட் இருக்கட்டும், முன்னால் 50–100 அடி 20 பவுண்டு மோனோவை இணைத்து, கிளிப் மோனோவைக் கவ்வும்படி வையுங்கள். முடிச்சு லெவல்வைண்ட் வழியாகச் சிக்காமல் போகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். அவ்வளவு சிரமம் எதற்கு என்று நினைத்தால், முழுக்க மோனோவே போடுங்கள்.

கேள்வி: பெரிய மீன் கொத்தியதும் நரம்பு அறுந்துவிடுகிறது. டிராக் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்: 20 பவுண்டு நரம்புக்கு ஐந்து பவுண்டு. விரலால் இழுத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். ராடை வளைத்துப் பிடித்து, நரம்பு நுனியில் தொங்குதராசு மாட்டி அளந்து பாருங்கள். வளையங்களின் உராய்வும் அப்போது கணக்கில் வந்துவிடும். மீன் ஓட ஓட ஸ்பூலின் சுற்று சிறுத்து, அதே டிராக் தானாகவே இறுகும். ஓடும் மீனைப் பார்த்துப் பதறி இன்னும் இறுக்குவதுதான் பெரும்பாலும் நரம்பை அறுக்கிறது. அன்றைய மீன்பிடி முடிந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே விட்டால் உள்ளே இருக்கும் வாஷர்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை முதல் ஓட்டத்திலேயே அந்த வெடுக்கு வரும்.