வேப்பங்கன்றின் நுனி கருகுவதற்கு

இரண்டு வயது வேப்பங்கன்றுகள், மழைக்குப் பின் கிளை நுனியிலிருந்து இலைகள் பழுப்பாகிக் கருகுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் நுனிக்கருகல். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையின் வேலை. தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சினாலும் தளிர் இப்படித்தான் வாடும், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. பூச்சி விரட்டும் வேம்புக்கே பூச்சித் தொல்லை!

முதலில் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், கத்தரியை எடுங்கள். கருகிய பகுதிக்குக் கீழே நான்கைந்து விரற்கடை பச்சைக் கட்டையும் சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டியதை அங்கேயே போட்டுவைத்தால் மழைத்துளி தெறித்து பூஞ்சையின் வித்துகள் மறுபடி ஏறும், எரித்துவிடுங்கள்.

அப்புறம், மழை இல்லாத மாலையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கலந்து தளிர் நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை போதும். கையுறை, முகமூடி கட்டாயம்.

பாவமாக இருக்கிறதே என்று யூரியா மட்டும் போட்டுவிடாதீர்கள். இளந்தளிர் மளமளவென்று வரும், பூஞ்சைக்கும் கொசுவுக்கும் அதுதான் விருந்து. வேர் நன்றாக இருந்தால் மாசி, பங்குனியில் தானே துளிர்க்கும்.